சிம்ப்சன்ஸ் ரசிகையின் வரைமேசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சித்திரக்கதை எழுதி வரைகிறேன். பெரும்பாலும் ஒரு பக்கக் கதைகள், எப்போதாவது எட்டு, பத்துப் பக்கம். படித்தவர்கள் என்னிடம் பேச வந்தால் சீக்கிரமே பேச்சு ‘தி சிம்ப்சன்ஸ்’ பக்கம் திரும்பிவிடும். சிலர் என் படக் கோடுகளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள், சிலர் நான் ஜோக்கைக் கொண்டுபோகும் விதத்தை வைத்து. அப்போது வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளையும், நிதானமாகச் சொல்ல நேரம் கிடைத்தால் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அந்தத் தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம் தர முடியுமா?

ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற கற்பனையான அமெரிக்க ஊர். அங்கே அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹோமர், மனைவி மார்ஜ், பிள்ளைகள் பார்ட், லிசா, கைக்குழந்தை மேகி. படைத்தவர் மேட் க்ரேனிங். 1987இல் ‘தி ட்ரேசி உல்மன் ஷோ’ என்ற நிகழ்ச்சிக்கு நடுவே குட்டிக் குட்டித் துண்டுகளாக வந்தது. 1989 டிசம்பர் 17 முதல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் அரை மணி நேரத் தொடரானது. 750 எபிசோடுகளைத் தாண்டி இன்னும் ஓடுகிறது. எபிசோட் எண்ணிக்கையில் ‘கன்ஸ்மோக்’ என்ற பழைய தொடர் வைத்திருந்த 635 என்ற சாதனையை 2018இல் முறியடித்தது.

ஹோமர், மார்ஜ், லிசா, மேகி என்ற பெயர்கள் க்ரேனிங்கின் அப்பா, அம்மா, இரண்டு தங்கைகளிடமிருந்து வந்தவை. எனக்கு இது மிகவும் பிடித்த தகவல். அவ்வளவு பெரிய உலகத்தைத் தொடங்க அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

முதலில் உங்களை இழுத்தது எது?

சிரிப்பொலி இல்லாதது. அந்தக் காலத்து அமெரிக்க காமெடித் தொடர்கள் நிறையவற்றில், ஒரு ஜோக் முடிந்ததும் பின்னாலிருந்து கூட்டம் சிரிக்கும் சத்தம் வரும். இங்கே சிரிக்கலாமா வேண்டாமா என்று யாரும் சொல்வதில்லை. ஜோக் வரும், போகும், அடுத்த காட்சி தொடங்கிவிடும். கவனிக்காவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

அதனால் ஒரே எபிசோட் வயதுக்குத் தகுந்தபடி வேறு வேறாகத் தெரிகிறது. சின்ன வயதில் ஹோமர் படியில் உருளும்போது வயிறு வலிக்கச் சிரித்தேன். காலேஜ் நாட்களில் அதே எபிசோடில் யாரோ பிடித்திருக்கும் செய்தித்தாளின் தலைப்பைப் படித்துச் சிரித்தேன். இப்போது பார்த்தால் என் கண் மார்ஜின் முகத்திலேயே நிற்கிறது. எல்லாம் முன்பே அங்கே இருந்திருக்கிறது, எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.

தாளில் வரைபவருக்கும் சிரிப்பொலி கிடையாது. படக் கட்டம் ஒன்றில் நின்று சிரிப்பதா, கடந்து போவதா என்பதை வாசகர்தான் முடிவு செய்கிறார். அவரை நம்பி விட்டுவிடலாம் என்ற தைரியம் எனக்கு இங்கிருந்து வந்தது.

ஆரம்பத்தில் அப்படியே காப்பி அடித்தீர்களா?

ஆமாம், மூன்று வருடம். முட்டைக் கண், துருத்திய மேலுதடு, நான்கு விரல். என் நோட்டுகளில் வரும் எல்லாருமே ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் போல இருந்தார்கள். நண்பர்களோடு பேசும்போதும் பாதிக்குப் பாதி தொடரின் வசனம்தான்.

அதை நான் குறையாக நினைக்கவில்லை. பாட்டு கற்பவர் முதலில் குருவின் குரலில்தான் பாடுவார். அந்த மூன்று வருடத்தில் கை பழகியது, காது பழகியது. க்ரேனிங் சொல்லும் ஒரு விதி உண்டு: ஒரு கதாபாத்திரத்தை வெறும் நிழலுருவாகக் காட்டினாலும் இன்னார் என்று தெரிய வேண்டும். பார்ட்டின் கூர்கூரான முடி, மார்ஜின் கோபுரக் கொண்டை, லிசாவின் நட்சத்திரத் தலை எல்லாம் அப்படி அமைந்தவை. காப்பி அடித்து அடித்துத்தான் அது என் விரலில் ஏறியது. இன்றைக்கும் புதுப் பாத்திரம் ஒன்றை வரைந்தால் முதலில் அதைக் கறுப்பு மையால் முழுக்க நிரப்பிப் பார்ப்பேன்.

இன்னொன்று. அந்தத் தொடரை உருவாக்கியவர்களும் ரசிகர்கள்தான். ஹோமரின் புகழ்பெற்ற ‘டோ!’ என்ற சலிப்புக் கத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்டில் ‘எரிச்சலான முனகல்’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள். குரல் கொடுத்த டேன் காஸ்டெல்லனெட்டா, பழைய லாரல் ஹார்டி படங்களில் வந்த ஜேம்ஸ் ஃபின்லேசன் என்ற நடிகரின் இழுப்பான ‘டோஓஓ’வை நினைவில் வைத்து ஒரு சத்தம் போட்டார். அனிமேஷனுக்கு அது நீளம் என்று க்ரேனிங் சொல்ல, சுருக்கினார். 2001இல் அந்தச் சத்தம் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதிக்குள் போய்விட்டது. எடுத்தது ஒரு ரசிகரின் நினைவிலிருந்து, சொந்தமானது சுருக்கியதில். அந்தச் சுருக்கல் நடக்கும் இடத்தைத்தான் நான் என் வேலையில் தேடுகிறேன்.

உங்கள் கட்டங்களின் பின்னணியில் ஏன் இவ்வளவு விஷயம்?

அதற்கு நேரடிக் காரணம் தொடர்தான். கடைப் பலகை, தேவாலய வாசல் அறிவிப்பு, தொடக்கக் காட்சியில் பார்ட் கரும்பலகையில் எழுதும் தண்டனை வரி, வீட்டார் சோஃபாவுக்கு ஓடிவரும் விதம் என்று எங்கே பார்த்தாலும் ஒன்று இருக்கும். சில ஜோக்குகள் திரையில் ஒரு நொடிகூட நிற்காது. வீட்டுக்கு வீடு வீடியோ டேப் வந்திருந்த காலம் அது. நிறுத்திப் பார்ப்பவர் ஒருவர் இருப்பார் என்று எழுத்தாளர்களுக்குத் தெரியும். அந்த ஒருவருக்காக எழுதினார்கள்.

என் கதை ஒன்றில் இருவர் ஒரு சுவரோரமாக நின்று வாடகைப் பிரச்சினை பேசுவார்கள். முதல் கட்டத்தில் சுவரில் ‘பூனையைக் காணவில்லை’ என்று நோட்டீஸ். மூன்றாம் கட்டத்தில் அந்த நோட்டீஸ் முன்னால் ஒரு பூனை உட்கார்ந்து தன் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கடைசிக் கட்டத்தில் நோட்டீஸ் மாறியிருக்கும்: ‘பூனை கிடைத்துவிட்டது. நாயைக் காணவில்லை.’ பேசுகிற இருவரும் கடைசி வரை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கதை வெளியாகி ஏழெட்டு மாதம் கழித்து ஒரு வாசகர் அந்தப் பூனையை இப்போதுதான் பார்த்தேன் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை வரைமேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. முன்னால் இருப்பவர் அழுதால் பின்னால் சுவர் காலி. அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப வரைகிறீர்களே, அலுக்காதா?

அலுக்க வேண்டும். அலுத்த பிறகுதான் அது மறுபடியும் சிரிப்பாகும்.

1993இல் வந்த ‘கேப் ஃபியர்’ எபிசோடில் சைட்ஷோ பாப் என்ற வில்லன் ஒரு புல்வாரியின் பல்லை மிதிப்பான், கட்டை எழும்பி முகத்தில் அறையும். முனகிக்கொண்டு திரும்புவான், அங்கே இன்னொரு வாரி. ஒன்பது முறை. எபிசோடின் நீளம் போதாமல் இருந்ததால் காட்சியை நீட்டினார்கள். முதல் அடிக்குச் சிரிக்கிறோம். நான்காவதில் போதும் என்று தோன்றும். ஆறாவதில் இவர்கள் நிறுத்தப் போவதில்லை என்று புரியும். அந்த இடத்திலிருந்து நாம் சிரிப்பது வாரிக்காக இல்லை, அவர்களுடைய பிடிவாதத்துக்காக.

இதைத் தாளுக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மடங்காத குடையோடு ஒருவர் மல்லுக்கட்டும் கதை அது. முதலில் ஐந்து கட்டம் வரைந்தேன், சப்பென்று இருந்தது. எட்டாக்கினேன், எரிச்சலாக இருந்தது. பதினான்காக்கியபோதுதான் சரியாக உட்கார்ந்தது. பதினான்கில் எந்த இரண்டு கட்டமும் ஒரே அளவில்லை. குடை மாறவே மாறாது, ஆளின் முகம் மட்டும் கட்டத்துக்குக் கட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மரியாதைக்கு வரும். கடைசியில் அவர் குடையிடம் வாங்க போங்க என்று பேச ஆரம்பிப்பார்.

தமிழில் எழுதும்போது இந்த நகைச்சுவை ஒட்டுமா?

வசனத்தை மொழிபெயர்த்தால் ஒட்டாது. அதன் இயக்கத்தை எடுத்துக்கொண்டால் ஆங்கிலத்தைவிடத் தமிழில் இன்னும் நன்றாக ஒட்டும் என்பது என் அனுபவம்.

ஒரு உதாரணம். அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ் தாத்தா போனை எடுத்தால் ‘அஹாய் ஹாய்’ என்பார். டெலிபோனில் பேச்சைத் தொடங்க ‘அஹாய்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று கிரஹாம் பெல் விரும்பினார், யாரும் கேட்கவில்லை, உலகம் ‘ஹலோ’வுக்குப் போய்விட்டது. பர்ன்ஸ் மட்டும் இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கிறார். ஒரே ஒரு சொல், ஆளின் வயது, பணம், அகந்தை மூன்றும் வந்துவிடுகின்றன.

நம்மிடம் இதற்கு ஒரு சுரங்கமே இருக்கிறது. எழுத்துத் தமிழ் ஒன்று, பேச்சுத் தமிழ் ஒன்று. ‘வருகை புரிந்தமைக்கு நன்றி’ என்று சொல்பவரும் ‘வா, உக்காரு’ என்று சொல்பவரும் ஒரே அறையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. என் கதையில் ஒரு சிறுவன் தப்பு செய்து மாட்டிக்கொண்டால் மட்டும் செந்தமிழில் பேசுவான். ‘அம்மையீர், கண்ணாடி தானாகவே உடைந்ததை அடியேன் கண்டேன்.’ அவன் எப்போது அந்தத் தமிழுக்கு மாறுகிறானோ அப்போதே அம்மா துடைப்பத்தைத் தேட ஆரம்பித்துவிடுவாள். இந்த ஜோக்குக்கும் சிம்ப்சன்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், பர்ன்ஸின் போன்தான் சம்பந்தம்.

வெறும் நக்கல்தானே, அதில் மனதைத் தொடும்படி என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி வந்தால் நான் ஒரு பலகையைப் பற்றித்தான் சொல்வேன்.

1995 ஜனவரியில் வந்த எபிசோட் அது. குடும்ப ஆல்பத்தில் மேகியின் படம் ஒன்றுகூட ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஹோமர் பழைய கதை சொல்கிறான். அணுமின் நிலைய வேலையை வீராப்பாக விட்டுவிட்டு, தான் ஆசைப்பட்ட, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்த்து விளையாடும் பௌலிங் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சம்பளம் குறைவு, ஆனால் சந்தோஷம். அப்போது மூன்றாவது குழந்தை வருகிறது என்று தெரிகிறது. பணம் போதாது. திரும்பிப் போய் பர்ன்ஸிடம் கெஞ்சி அதே வேலையில் சேர்கிறான். பர்ன்ஸ் அவன் இருக்கைக்கு எதிரே ஒரு பலகை மாட்டச் சொல்கிறார்: ‘மறந்துவிடாதே, நீ இங்கே நிரந்தரம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். கொடூரமான ஜோக், நாமும் சிரித்துவிடுகிறோம்.

கடைசியில் பிள்ளைகள் மறுபடி கேட்கிறார்கள், அப்போ மேகியின் படங்கள் எங்கே? எனக்கு எங்கே தெம்பு தேவையோ அங்கே இருக்கிறது என்கிறான் ஹோமர். காட்சி அணுமின் நிலையத்துக்கு மாறுகிறது. பலகையின் மேல் மேகியின் படங்களை ஒட்டியிருக்கிறான். சில எழுத்துகள் மறைந்து, மீதி எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘அவளுக்காகச் செய்’ என்று வருகிறது. அத்தோடு எபிசோட் முடிந்துவிடும்.

இதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது, அடுத்த நிமிடம் இதை எப்படிச் செய்தார்கள் என்று யோசிக்க ஆரம்பிக்கிறேன். அழ வைக்க வெளியிலிருந்து புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. நம்மைச் சிரிக்க வைத்த அதே பலகை. எழுத்தைக்கூட மாற்றவில்லை, மறைக்கத்தான் செய்தார்கள்.

எதை யோசித்தாலும் ‘இதை அவர்கள் ஏற்கெனவே செய்துவிட்டார்களே’ என்று தோன்றாதா?

தோன்றும். இதே கவலையை வைத்து ‘சௌத் பார்க்’ தொடரில் 2002இல் ஒரு எபிசோடே வந்தது. ஒரு பையன் என்ன திட்டம் போட்டாலும், அதை சிம்ப்சன்ஸ் செய்துவிட்டது என்று எதிரில் இருப்பவர் சொல்லிவிடுவார், அவனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கடைசியில் கூட இருப்பவர்கள்தான் அவனைத் தேற்றுகிறார்கள்: நீ சொல்லும் அந்தக் கதையை சிம்ப்சன்ஸே ‘தி ட்வைலைட் ஸோன்’ என்ற பழைய தொடரிலிருந்துதான் எடுத்தது.

நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். குடை கதையைக் காட்டியபோது ஒருவர், இது வாரிக் காட்சி இல்லையா என்றார். ஆமாம் என்றேன். பிறகு அவர் அந்த வாங்க போங்க இடத்தில் சிரித்தார்.

வேறு ரசிகர்கள் இதிலிருந்து என்னென்ன படைத்திருக்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்தது ஆன் வாஷ்பர்ன் எழுதிய ‘மிஸ்டர் பர்ன்ஸ்’ நாடகம். 2012இல் வாஷிங்டனில் முதலில் மேடையேறியது. உலகில் மின்சாரமே இல்லாமல் போன பிறகு, உயிர் பிழைத்த சிலர் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, மேலே சொன்ன ‘கேப் ஃபியர்’ எபிசோடை ஞாபகப்படுத்திப் பார்க்கிறார்கள். ஒருவர் மறந்த வரியை இன்னொருவர் எடுத்துக்கொடுக்கிறார். இரண்டாம் அங்கத்தில் ஏழு வருடம் கழிந்திருக்கும், அதை நாடகமாகப் போட்டுப் பிழைக்கிறார்கள். மூன்றாம் அங்கத்தில் இன்னும் எழுபத்தைந்து வருடம் போய், கார்ட்டூன் ஒரு சடங்கு போல, இசை நாடகமாக மாறியிருக்கும். ரசிகர்கள் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல ஒரு கதை எப்படி வேறொன்றாகிறது என்பதை இதைவிட நன்றாக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

பாட்டிலும் உண்டு. அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரத்து ‘ஓகிலி டோகிலி’ இசைக்குழு, பக்கத்து வீட்டு பக்திமான் நெட் ஃப்ளாண்டர்ஸைப் போலப் பச்சை ஸ்வெட்டரும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஹெவி மெட்டல் பாடியது. பாட்டுகளில் அவர் பேசும் வசனங்களே நிறைய வந்தன. 2019இல் தொடரே அவர்களுடைய பாட்டை ஒரு எபிசோடின் முடிவில் ஓடவிட்டது. ‘ஃபால் அவுட் பாய்’ என்ற பெரிய குழுவின் பெயரும் தொடரில் வரும் ஒரு துணைக் கதாநாயகனுடையதுதான். அப்புறம் 1996இல் தொடரின் ஒரு எபிசோடுக்குள் வந்த ‘ஸ்டீம்டு ஹாம்ஸ்’ என்ற மூன்று நிமிடத்துக்கும் குறைவான துண்டு. இருபது வருடம் கழித்து அதை வைத்து இணையத்தில் எண்ணிலடங்காத வீடியோக்கள் செய்தார்கள்.

காப்புரிமைப் பிரச்சினை வராதா?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ‘நியாயமான பயன்பாடு’ என்ற விதிவிலக்கு உண்டு, வணிக நோக்கில் செய்த பகடிகூட அதற்குள் வரலாம் என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்னது. ஆனால் ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். அவர்களுடைய பாத்திரங்களை நான் ஆசைக்கு வரைவேன், விற்க மாட்டேன். ஜோக்கின் அமைப்புக்கு யாரும் உரிமை கோர முடியாது, எனக்கு வேண்டியதும் அதுதான்.

புதிதாக வரையத் தொடங்குபவர் தனக்குப் பிடித்த தொடரிலிருந்து எப்படிக் கற்கலாம்?

பிடித்த எபிசோடைச் சத்தமில்லாமல் ஒருமுறை பாருங்கள். எந்த ஜோக் சத்தம் இல்லாமலும் வேலை செய்கிறதோ அது படத்தில் இருக்கிறது. அப்புறம் திரையைப் பார்க்காமல் கேட்டு மட்டும் பாருங்கள். இரண்டிலும் தப்பித்துப்போகும் ஜோக்குகள் சில இருக்கும். அவை படத்துக்கும் வசனத்துக்கும் நடுவே இருப்பவை, அவற்றை மட்டும் நோட்டில் எழுதி வையுங்கள்.

எழுதும்போது வசனத்தை எழுதாதீர்கள். யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, எந்த நொடியில் திரும்புகிறது, அவ்வளவு போதும். ஒரு மாதம் கழித்து அந்தக் குறிப்பை எடுத்து உங்கள் ஆட்களை வைத்து வரையுங்கள். மூலம் பாதி மறந்திருக்கும். அந்த மறதி ரொம்ப நல்லது.

இந்தத் தாக்கம் உங்கள் வேலையைக் கெடுத்தது உண்டா?

உண்டு. ஒரு தடவை பெரிதாக.

பாட்டி இறந்த பிறகு அவர் அலமாரியை அம்மாவும் மகளும் காலி செய்யும் கதை, எட்டுப் பக்கம். இரண்டாம் பக்கத்தில் ஒரு ஜோக் இருந்தது. பாட்டி ஒரு பிளாஸ்டிக் பையைக்கூடத் தூக்கிப் போட மாட்டார், பைக்குள் பை, அதற்குள் பை என்று மடித்து வைத்திருப்பார். அம்மா ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கும். ஆறாம் பக்கத்தில் மகள் அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பல வருடமாகச் சொல்லாதது. அங்கே கட்டத்துக்குக் கட்டம் ஒரு ஜோக் வைத்துவிட்டேன். நன்றாகவும் இருந்தன. ஒரு தோழியிடம் காட்டினேன். ஆறாம் பக்கத்தில் விரலை வைத்து, “இங்க நீ ஓடிட்ட” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் மேகி எபிசோடை மறுபடி போட்டேன். பலகை கடைசியில் திரும்பி வரும்போது அதன் மேல் ஜோக்கே கிடையாது. சிரிப்பை எல்லாம் முன்பே செலவழித்துவிட்டார்கள்.

ஆறாம் பக்கத்தை முழுக்க அழித்தேன். புதிய பக்கத்தில் மூன்றே கட்டம், சுவர் காலி. முதல் கட்டத்தில் அம்மா அந்தப் பை மூட்டையைக் குப்பைக்குக் கொண்டுபோகிறாள், மகள் வாங்கிக்கொள்கிறாள். இரண்டாவதில் மகள் தரையில் உட்கார்ந்து கடைசிப் பை வரை பிரிக்கிறாள். மூன்றாவதில் அவள் உள்ளங்கை மட்டும். அதில் அவளுடைய பால் பல் ஒன்றும், அது விழுந்த தேதி பாட்டியின் கோணல் எழுத்தில் எழுதிய துண்டுச் சீட்டும்.